அமிகா 500, அட்டாரி 1040 எஸ்டி: வீடியோ டைட்டில் வேலைக்கு எது?

கேள்வி

சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்று அமிகா 500, இன்னொன்று மோனோ (கருப்பு வெள்ளை) மானிட்டரோடு அட்டாரி 1040 எஸ்டி. இரண்டும் ஓடுகின்றன. எங்கள் குடும்பத்து விஎச்எஸ் கேசட்டுகளில் ஓடும் படத்தின் மேல் தமிழில் பெயர் போட வேண்டும். மேசையில் ஒன்றுக்குத்தான் இடம்.

அமிகாவில் இரண்டு சிக்கல். வீடியோ பிளக்கை டிவியில் செருகினால் கருப்பு வெள்ளைதான் வருகிறது. டீலக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருளில் 640x512 வைத்து 'க' வரைந்தால் மேல்கோடு படபடவென்று துடிக்கிறது. எஸ்டியில் எழுத்து அச்சடித்த மாதிரி அசையாமல் நிற்கிறது. அமிகா சிப் போய்விட்டதா?

பதில் 1

எஸ்டியின் அந்த 640x400 கருப்பு வெள்ளைத் திரை விநாடிக்கு 71 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதனால்தான் அவ்வளவு தெளிவு. பக்க வடிவமைப்புக்கு அருமை. இசைக் கருவிகளை இணைக்கும் மிடி பிளக்கும் உள்ளேயே இருக்கிறது, இசை செய்கிறவர்கள் அதை விடவே மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தை டிவிக்கோ விசிஆருக்கோ அனுப்ப முடியாது. கலர் மோடுக்கு வந்தால் 320x200, 512 நிறங்களிலிருந்து 16. சுற்றிலும் ஓரம் வேறு காலியாக நிற்கும்.

பதில் 2

சிப் எதுவும் போகவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் டிவியில் செருகியது அமிகா 500-இன் காம்போசிட் பிளக், அதில் கருப்பு வெள்ளை மட்டும்தான் வரும், அதன் வடிவமைப்பே அப்படி. கலருக்கு 23 பின் ஆர்ஜிபி போர்ட்டிலிருந்து ஸ்கார்ட் கேபிள் போடுங்கள், இல்லையென்றால் அமிகாவின் படத்தைக் கலரில் டிவிக்கு மாற்றித் தரும் ஏ520 மாடுலேட்டர்.

துடிப்பு விஷயம்தான் முக்கியம். 512 வரிகளை அமிகா ஒரே மூச்சில் காட்டுவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. ஒரு பிக்சல் தடிமனில் கோடு போட்டால் அது விநாடிக்கு 25 முறைதான் தெரியும், கண்ணுக்குத் துடிப்பாகப் படும். பிஏஎல் டிவியும் (நம் ஊர் டிவி முறை) இதே இன்டர்லேஸ் முறையில்தான் படம் காட்டுகிறது. அதாவது நீங்கள் கோளாறு என்று நினைப்பதுதான் இந்த வேலைக்கு அமிகாவை ஏற்றதாக்குகிறது. அதன் நேரக் கணக்கே டிவியை ஒட்டி அமைந்தது. கம்ப்யூட்டர் படத்தை வீடியோவோடு கலக்கும் ஜென்லாக் என்ற கருவியை மாட்டினால் அமிகா கேசட்டின் சிக்னலோடு சேர்ந்து ஓடும், 0-ஆம் நிறம் இருக்கும் இடமெல்லாம் வீடியோ தெரியும், மேலே உங்கள் எழுத்து நிற்கும். ஓவர்ஸ்கேன் போட்டால் படம் ஓரம் வரை போகும்.

இரண்டிலும் பிராசசர் மோட்டோரோலா 68000 தான். வேகத்தில் எஸ்டி ஒரு படி மேல்: 8 மெகாஹெர்ட்ஸ், அமிகா 7.09. ஆனால் அமிகாவில் படத்தை நகர்த்தும் பாரத்தை அக்னஸ் சிப் எடுத்துக்கொள்கிறது. எழுத்து கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும் அழகை ஒருமுறை பார்த்தால் விட மனம் வராது. எஸ்டி வரிசையில் ஸ்க்ரோலுக்கு வன்பொருள் வந்தது 1989-இல், எஸ்டிஇ என்ற பிந்தைய மாடலில்தான்.

துடிப்பைக் குறைக்க, கிடைக்கோடு எதுவும் இரண்டு பிக்சலுக்குக் குறைய வேண்டாம். தூய வெள்ளைக்குப் பதில் லேசான சாம்பல், விளிம்பில் இடைநிறம் ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளியையும் 2x2 ஆக்குங்கள்.

இன்னொன்று: 640x512-இல் 16 நிறம் என்றால் ஒரு திரைக்கே 160 கேபி போய்விடும். 512 கேபி மட்டும் இருந்தால் டீலக்ஸ் பெயின்ட் திணறும். அடியில் உள்ள மூடியைத் திறந்து மெமரி கார்டு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூடியைத் திறந்தேன், கார்டு இருக்கிறது. 'க'வின் மேல்கோட்டை இரண்டு பிக்சலாக்கி, கீழே சாம்பல் ஒரு வரி சேர்த்தேன். துடிப்பு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. 'ந்'தின் புள்ளியும் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது! ஸ்கார்ட் கேபிளும் ஜென்லாக்கும் தேட ஆரம்பித்துவிட்டேன். எஸ்டியைத் தங்கை கேட்டாள், அவளிடம் மிடி கீபோர்டு இருக்கிறது. ரொம்ப நன்றி.

பதில் 2

நல்லது. ஜென்லாக் வாங்கும்போது பிஏஎல் வகையா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் 23 பின் பிளக்கை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் முன்னால் மறக்காமல் பவரை நிறுத்திவிடுங்கள்.