மொரீஷியஸில் பழகிய இரண்டு குடும்பங்கள்

மொரீஷியஸ், இந்தியப் பெருங்கடலில் இருக்கிற தீவு நாடு. வேலை விஷயமாக அங்கே போயிருந்தபோது பழகிய இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்லணும்.

முதல் குடும்பம் தமிழ் வம்சாவளி. வீட்டில் பேசுவது கிரியோல் (பிரெஞ்சிலிருந்து உருவான உள்ளூர் மொழி), ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கத் தவறுவதில்லை, அங்கே அன்றைக்கு அரசு விடுமுறையே உண்டு. அந்த வீட்டு அம்மா தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவு நகலைக் காட்டினார். எண், கப்பலின் பெயர், வயது, அப்பா பெயர், சொந்த ஊர், கூடவே போட்டோ. 1834-லிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு எண் போட்டு எழுதினார்கள், 1860-களில் படமும் எடுக்கத் தொடங்கினார்கள். அக்கறையில் இல்லை, கரும்புத் தோட்டத்தை விட்டுப் போனவரை அடையாளம் கண்டு பிடிக்கத்தான். மாதக் கூலி 5 ரூபாய், ஒரு நாள் வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலி போச்சு. அந்தப் பதிவேடுகள் இப்போது மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, அதனால்தான் அந்த அம்மாவால் தேடி எடுக்க முடிந்தது.

இரண்டாவது குடும்பம் லெ மோர்ன் மலைப்பக்கம் மீன்பிடிக்கிறவர்கள், அடிமைகளின் வழிவந்தவர்கள். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை அது. விடுதலைச் செய்தியோடு வந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் முன்னோர் எந்த ஊர் என்று கேட்டேன். "மொசாம்பிக் என்று அப்பா சொல்வார், அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது" என்றார். அடிமைகளுக்கும் பதிவேடு இருந்தது, ஆனால் முதலாளியின் சொத்துக் கணக்காக, முதலாளி வைத்த பெயரில்.

எனக்குத் தாங்க முடியாத விஷயம் இதுதான்: 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது நஷ்டஈடு வாங்கியவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்கள், 20 லட்சம் பவுண்டுக்கு மேல். விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது, 'பயிற்சி' என்ற பெயரில் 1839 வரை அதே முதலாளியிடம் வேலை. அதே கரும்புக்காட்டில்தான் நம் ஆட்களை இறக்கினார்கள். 1810-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிடித்த பிரிட்டிஷார் தோட்ட முதலாளிகளின் நிலத்தில் கைவைக்கவே இல்லை.

போகிறவர்கள் தலைநகர் போர்ட் லூயிஸில் நம் ஆட்கள் வந்து இறங்கிய 'ஆப்ரவாசி காட்' படித்துறையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீங்க, லெ மோர்ன் அடிவாரத்தில் அடிமைகளுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது, அங்கேயும் போங்க, அந்த ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசுங்க.