டிகேஏ நெறிமுறைத் தாள்: எந்த வரியில் சறுக்குகிறது?

ஐசியூ மருத்துவர்
டிகேஏ (இன்சுலின் பற்றாமல் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் பெருகும் சர்க்கரை நோய் அவசர நிலை) என்றதும் எல்லார் கையும் இன்சுலினுக்குத்தான் போகும். சிகிச்சையை வரிசையாக எழுதி வைக்கும் தாளில் முதல் வரி சலைனாக இருக்க வேண்டும்: இதயமும் சிறுநீரகமும் தாங்குமானால் முதல் மணி நேரத்தில் 1 முதல் 1.5 லிட்டர். அடுத்தது பொட்டாசியம். ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இன்சுலின் பம்பைத் தொடக் கூடாது. மணிக்கு 10–20 மில்லிமோல் பொட்டாசியம் ஏற்றி, 3.5-ஐத் தாண்டிய பிறகே இன்சுலின். 3.5-க்கும் 5-க்கும் நடுவில் என்றால் சலைனில் லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் சேர்த்தே இன்சுலினை ஓட்டலாம்.

ஏமாற்றுவது 4.2 என்று வரும் ரிப்போர்ட். உடம்பில் பொட்டாசியம் வற்றியிருக்கும். இன்சுலின் இல்லாததால் செல்லுக்குள் இருந்தது ரத்தத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். இன்சுலின் ஏறியதும் உள்ளே ஓடிவிடும். 2 மணிக்கொரு தடவை பார்க்காவிட்டால் இதயத் துடிப்பு தடுமாறுவதை மானிட்டர்தான் முதலில் சொல்லும்.

ஐசியூ செவிலியர்
டாக்டர் சொன்னதோட கலக்குற விதத்தையும் தாள்லயே எழுதிடணும். 50 யூனிட் ரெகுலர் இன்சுலின், சலைன் சேர்த்து மொத்தம் 50 மில்லி. மில்லிக்கு 1 யூனிட். மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட்னா 60 கிலோ ஆளுக்கு 6 மில்லி, கணக்கே வேண்டாம்.

தப்பு நடக்கிறது குப்பியில. மில்லிக்கு 40 யூனிட் குப்பின்னா 1.25 மில்லி எடுக்கணும், 100 யூனிட் குப்பின்னா 0.5 மில்லி. 100 குப்பியை 40 சிரிஞ்சுல எடுத்தா டோஸ் இரண்டரை மடங்கு! வார்டுல ஒரே வகை குப்பி இருக்கிறதுதான் நல்லது. டியூப்ல இன்சுலின் ஒட்டிக்கும். முதல் 20 மில்லியை ஓட்டிக் கீழே விட்டுட்டுத்தான் நோயாளிக்கு மாட்டணும். ஷாக்ல இருக்கிறவருக்கு விரல் நுனி சுகரை நம்பாதீங்க, ரத்தக் குழாய்ல போட்ட லைன்ல ரத்தம் எடுத்துப் பாருங்க.

எண்டோகிரைனாலஜி பிரிவிலிருந்து
சுகர் 250-க்கு இறங்கியதும் பம்பை நிறுத்துவதுதான் அடுத்த சறுக்கல். நாம் அணைக்க வந்தது கீட்டோனை, சுகரை அல்ல. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சேர்த்து, இன்சுலினை மணிக்கு கிலோவுக்கு 0.05 யூனிட்டுக்குக் குறைத்துத் தொடர வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்குச் சுகர் 180 இருக்கும்போதே டிகேஏ வரும். அங்கே டெக்ஸ்ட்ரோஸும் இன்சுலினும் முதலிலிருந்தே சேர்ந்து ஓட வேண்டும்.

சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப்பை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். முக்கியக் கீட்டோனான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் அதில் தெரியாது. குணமாகும்போது அது, ஸ்ட்ரிப்பில் தெரியும் அசிட்டோ அசிட்டேட்டாக மாறுவதால் ஸ்ட்ரிப் இன்னும் கருக்கும். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே, பிஹெச் 7.3-க்கு மேல், அப்போதுதான் முடிந்தது. பைகார்பனேட் 18-க்கு வராமல் இழுத்தால், சலைனின் குளோரைடு காரணமா என்று பாருங்கள். ஆனியன் கேப் (ரத்தத்தில் கீட்டோன் போன்ற அமிலம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் கணக்கு) மூடி, இயல்புக்கு வந்திருந்தால் இன்சுலினைக் கூட்ட வேண்டியதில்லை.

ஐசியூ மருத்துவர்
விட்டுப்போனது ஒன்று: வேகமாக மூச்சு வாங்குவதைப் பார்த்து அவசரப்பட்டு மூச்சுக்குழாயில் டியூப் போடக் கூடாது. அந்த மூச்சுதான் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் வென்டிலேட்டர் வேகத்தையும் அதே அளவுக்கு வைக்க வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு 14 மூச்சில் விட்டால் அமிலம் ஏறி இதயம் நின்றுவிடும்.

ஐசியூ செவிலியர்
பம்பை நிறுத்துறதுக்கு 1–2 மணி நேரம் முன்னாடியே தோலுக்கடியில நீண்ட நேர இன்சுலின் போட்டிருக்கணும். அதைப் போட்ட நேரம், பம்பை நிறுத்தின நேரம், ரெண்டுக்கும் தாள்ல தனித்தனிக் கட்டம் வைங்க. ஷிஃப்ட் மாறும்போது விட்டுப்போறது அதுதான்.