பழைய சீரியல் கேசட்டுகள்: நல்ல டெக் (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.) யாரிடமாவது இருக்கா?

வணக்கம் உறவுகளே. 1999ல் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’யையும் 2020ல் வந்த ‘சித்தி 2’ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் அப்போது பதிந்து வைத்த வி.எச்.எஸ். கேசட்டுகளைச் சேர்க்கிறோம். பழைய பெயரில் மறுபடி வரும் தொடர்களை வெறும் ஞாபகத்தை நம்பி எடைபோடுவது நியாயமே இல்லை. பழைய காட்சி ஒரு முகத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடற்காற்றில் பல கேசட்டுகளில் பூஞ்சை. மூடியின் கண்ணாடி வழியே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், அது டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். மற்றவற்றில் டேப் தேய்ந்த இடத்தில் சிக்னல் அறுந்து, படத்தைக் கணினியில் ஏற்றும் யு.எஸ்.பி. கேப்சர் கருவி ஃபிரேம்களை விட்டுவிடுகிறது. போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

தேவை: எல்.பி. வேகத்திலும் (ஒரே டேப்பில் இரட்டிப்பு நேரம் பதியும் ‘லாங் பிளே’) ஓடும், நம்மூர் டிவி முறையான PAL டெக் ஒன்று. நடுவில் இணைத்து சிக்னலைச் சீராக்க டைம் பேஸ் கரெக்டர், இல்லாவிட்டால் பழைய டிவிடி ரெக்கார்டர். வண்ணாரப்பேட்டை பக்கம் ஹெட் துடைக்கத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பஞ்சு வைத்துத் துடைப்பவர் வேண்டாம், இழை மாட்டி ஹெட் முனை உடைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோல் (இழை பிரியாத மெல்லிய தோல்) தான் சரி.

கேசட் தருபவர்கள் விளம்பரங்களை அழிக்காதீர்கள். எந்த வருஷத்து ஒளிபரப்பு என்று பிடிக்க அதுதான் துப்பு.