தாய்மொழி ஆசிரியர் பணியிடம் காலி: என்ன செய்யலாம்?

கேள்வி:
அரசு ஆரம்பப் பள்ளியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்த ஆசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார். புதியவர் வரவில்லை. பிள்ளைகளை மாநில மொழி வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். சட்டப்படி கேட்க வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. 1956-இல் சேர்ந்த அரசியலமைப்புப் பிரிவு 350-அ, தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிப் போதனைக்குப் போதிய வசதி செய்யச் சொல்கிறது. 1949 கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் அளவுகோல்: பள்ளியில் 40 பேர் அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் ஆசிரியர். இந்த அளவுகோல் சட்டமல்ல, ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்பு. ஆகவே எண்ணிக்கையை நிரூபிப்பதுதான் உங்கள் பலம்.

மறுமொழி 2:
சேர்க்கைப் பதிவேட்டில் தாய்மொழி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் மாநில மொழியையே எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தலைக்கணக்கு குறைகிறது, பணியிடமும் சரண் ஆகிறது, அதாவது தேவையில்லை என்று அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்படுகிறது. அதைத் திருத்தியபின், ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியாகக் கோரிக்கை எழுதி, தேதியிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். கூட்டு மனு மட்டும் கொடுத்தால் "யார் பிள்ளை, எந்த வகுப்பு" என்று கேட்டே காலத்தைக் கடத்துவார்கள். வாய்மொழி உறுதியை நம்பவே நம்பாதீர்கள்.

மறுமொழி 3:
கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, சரண் ஆணை உண்டா. 30 நாளில் பதில் தரவேண்டும். அந்த நகல்களோடு மாவட்டக் கல்வி அலுவலருக்கும், பிரிவு 350-ஆ-வின்கீழ் உள்ள மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கும் எழுதுங்கள். ஆணையர் உத்தரவிட முடியாது, மாநில அரசிடம் விளக்கம் கேட்பார். அதற்குள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். எண்ணிக்கை சரிந்தால் கோரிக்கையே விழுந்துவிடும்.