கோடு போட்டாச்சு, கோர் ஏறவில்லை: தீபாவளி நேரத்து அனுபவம்

கப்பலூரில் ஒரு மொத்த விநியோகக் கம்பெனியில் சர்வர் பொறுப்பு எனக்கு. மதுரை, தேனி, ராமநாதபுரம் வரை கடை ஆர்டர்கள் எல்லாம் இரவில் பில்லாகி, காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பில் ஓட்டம் எட்டரை வரை இழுத்தது. லோடுமேன்களும் டிரைவர்களும் வாசலில் காத்துக் கிடப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எங்களுடையது ஐபிஎம் பவர் சர்வர். உள்ளே 16 கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி) இருந்தாலும், வாங்கும்போது 8-க்குத்தான் பணம் கட்டியிருந்தோம். மீதி பூட்டிக் கிடந்தது. இன்னும் 4 கோருக்குப் பணம் கட்டினோம், 34 எழுத்தில் ஆக்டிவேஷன் கோடு வந்தது. அந்த மெஷினின் சீரியல் நம்பருக்கு மட்டுமே செல்லும் கோடு அது. சர்வரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் ஹெச்எம்சி கன்சோலில் அடித்ததும் ஏற்றுக்கொண்டது. ரீபூட் கூட இல்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கு ராத்திரியே சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

முடியவில்லை. திறந்த கோர்கள் பொதுவில் சும்மா இருந்தன. ஒரே சர்வரைப் பிரித்துத் தனித்தனி சர்வர் மாதிரி ஓட்டுகிறோம், ஒவ்வொரு பிரிவும் ஒரு பார்ட்டிஷன். பில்லிங் பார்ட்டிஷனுக்கு நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். சரி என்று கொடுத்தால், ஒன்று ஏறியது, மற்ற மூன்றும் ஏறவில்லை. காரணம், பார்ட்டிஷனுக்கு எத்தனை கோர் என்று எழுதி வைக்கும் புரோஃபைலில் இருந்தது. பில்லிங்குக்கு 7 கோர், டெஸ்டிங்குக்கு 1 என்று பிரித்தவர்கள், பில்லிங்கின் மேக்ஸிமத்தை 8 என்று வைத்திருந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த எல்லையைத் தாண்ட முடியாது. என்றைக்காவது கோர் கூட்டுவோம் என்று தெரிந்தே வாங்கிய மெஷினில், அந்த எண்ணை 16 என்று வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஞாயிறு மதியம் எல்லோரிடமும் சொல்லிவிட்டு மேக்ஸிமத்தை மாற்றி பார்ட்டிஷனில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டமான ஏஐஎக்ஸை ரீஸ்டார்ட் செய்தேன். பழைய 8 அப்படியே நின்றது! உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்தால் புரோஃபைலை மறுபடி படிக்காது. பார்ட்டிஷனை முழுசாக ஷட்டவுன் செய்து, ஹெச்எம்சியிலிருந்து அந்தப் புரோஃபைலோடு ஆக்டிவேட் செய்ய வேண்டும். அப்புறம்தான் 11 கோரும் வந்தது.

அன்றிரவு ஐந்தே காலுக்கு முடிந்தது. ரூட் வாரியாகப் பத்துப் பன்னிரண்டு ஜாப் ஒரே நேரத்தில் ஓடுவதால்தான் இந்த லாபம். கடைசியில் தனியாக ஓடும் ஸ்டாக் கணக்கு ஜாப் முன்பு எடுத்த அதே நாற்பது நிமிடத்தை இன்றும் எடுக்கிறது. அதற்கு எத்தனை கோர் திறந்தாலும் பயனில்லை, ஒரே நேரத்தில் ஓடும் பல துண்டாகப் புரோகிராமைத்தான் பிரிக்க வேண்டும்.

கோடு வாங்குமுன் ஏஐஎக்ஸில் பார்ட்டிஷன் விவரம் காட்டும் எல்பார்ஸ்டாட் கமாண்டில் அந்த மேக்ஸிமத்தை ஒருமுறை பாருங்கள். எனக்கு ஐந்து இரவு போனது.

விருதுநகரிலிருந்து ஒருவர்:
அண்ணே, எங்கள் மில்லில் வேறு மாதிரி. ஓடும்போதே இரண்டு கோர் சேர்த்தோம், நன்றாக ஓடியது. புரோஃபைலில் சேமிக்க விட்டுப்போச்சு. மாதாந்திர மின்தடை அன்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மாலை பழைய புரோஃபைலோடு ஆக்டிவேட் செய்தால் பழைய கணக்குதான் வந்தது. சம்பள ஓட்டம் அன்றைக்குத்தான். சேர்த்த கையோடு சேமித்துவிடுங்கள்.

தெற்கு மாசி வீதியிலிருந்து இன்னொருவர்:
டேட்டாபேஸ் லைசென்ஸை யாரும் சொல்லவில்லையே. கோர் கணக்கில் லைசென்ஸ் என்றால், கோர் கூடும்போது அதற்கும் பணம் கூடும். நாங்கள் அதை மறந்து பட்ஜெட் போட்டு, ஆடிட்டர் கேட்டபோது திணறினோம். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் 30 நாள் டிரையல் கோடு கிடைக்குமா என்று கேளுங்கள். சர்வர் ஓடும் நாள்தான் கணக்கு. முடிவதற்குள் அந்தக் கோர்களைப் பார்ட்டிஷனிலிருந்து கழற்றிவிட வேண்டும், அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.