கடைசிக் காட்சியில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? 'எனிமி' படம் பார்த்த நீலகிரிக்காரர்களின் அனுபவங்கள்

ஊட்டி, தொடங்கி வைப்பவர்:

2013-ல் வந்த 'எனிமி' படத்தைப் பற்றிப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். விஷாலும் ஆர்யாவும் நடித்து 2021-ல் வந்த தமிழ்ப் படம் இல்லை. தேடினால் பெரும்பாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். நான் சொல்வது டெனி வில்நெவ் இயக்கி, ஜேக் ஜில்லன்ஹால் இரட்டை வேடத்தில் நடித்த படம். போர்ச்சுக்கல் எழுத்தாளர் ஜோஸே சரமாகோ 2002-ல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. முடிவு உட்பட எல்லாமே இங்கே பேசப்படும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: டொராண்டோவில் ஆடம் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர். கூட வேலை செய்பவர் சொன்னாரே என்று ஒரு படத்தை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறார். அதில் ஹோட்டல் பையனாக ஓரமாக வந்து போகும் நடிகர் அச்சு அசல் அவரேதான். தேடிப் போகிறார். அந்த நடிகர் ஆண்டனி, மனைவி ஹெலன் கர்ப்பிணி. இரண்டு ஆண்களும் சந்திக்கிறார்கள், ஒருவர் இடத்துக்கு மற்றவர் போகிறார். கடைசியில் ஆடம் ஹெலனின் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தால் அறையை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சதச் சிலந்தி. படம் முடிந்துவிடுகிறது.

நான் வேலை பார்க்கும் விடுதியில் ஜூலை மழையில் ஆள் வரத்து இல்லாத ஓர் இரவு, வேலையாட்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலந்தி அவன் மேல் பாய்ந்தது என்றார் சமையல்காரர். இல்லை, அவன் அலறினான் என்றார் இன்னொருவர். ஒரே திரையை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவர்கள்! அது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: கடைசியில் நீங்கள் என்ன பார்த்தீர்கள், பார்த்த பிறகு உங்களுக்கு என்ன ஆயிற்று? படத்துக்கு விளக்கம் யூடியூப் முழுக்கக் கிடக்கிறது. இங்கே அனுபவத்தை மட்டும் எழுதுங்கள்.

கூடலூர்:

எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். படம் முழுக்க ஒரே மஞ்சள். வானம், கட்டடம், வீட்டுச் சுவர் எல்லாம் மஞ்சள். ஒன்றரை மணி நேரம் அதற்குள் நம்மை அடைத்து வைத்துவிட்டு, கடைசியில் ஒரு சிலந்தியைக் காட்டி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கேள்வி கேட்கும் படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் பதிலுக்குப் போக ஒரு வழியாவது விட வேண்டும். சரி, ஒன்று மட்டும் உண்மை. அன்றைக்கு ராத்திரி பக்கத்து அறைக்குள் விளக்கைப் போடாமல் நுழைய முடியவில்லை. பிடிக்காத படம் இவ்வளவு தூரம் கூடவே வருமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அருவங்காடு:

நானும் என் அண்ணனும் இரட்டையர். அதனால் தன்னைப் போலவே இன்னொருவனைப் பார்த்து ஆடம் வெலவெலத்துப் போகும் காட்சிகள் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. நாங்கள் தினம் பார்க்கும் முகம்தானே.

என்னை உலுக்கியது டெலிபோன் காட்சி. ஆடம் முதல் முறை ஆண்டனி வீட்டுக்கு போன் செய்கிறான். ஹெலன் எடுக்கிறாள். குரலைக் கேட்டதும் கணவன்தான் விளையாடுகிறான் என்று பேச ஆரம்பிக்கிறாள். இது எங்கள் வீட்டில் அப்படியே நடந்திருக்கிறது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆன புதிது. லேண்ட்லைனில் கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார். நான் 'ஹலோ' என்றதுமே, கணவனிடம் மட்டும் பேசும் ஒரு குரலில் பேசத் தொடங்கிவிட்டார். சண்டைக் குரல்தான், வேறொன்றும் இல்லை. முந்தின நாள் இரவின் மிச்சம். 'அண்ணி, நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடியில் அவர்கள் வீட்டுக்குள் எனக்குத் தெரியக்கூடாத ஒன்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணி வெகு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

படத்தில் ஹெலன் நேராகக் கல்லூரிக்கே போய்விடுகிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆடமைப் பார்க்கிறாள். அவன் யாரோ எவரோ போல மரியாதையாகப் பேசிவிட்டு எழுந்து போகிறான். அவள் உடம்பெல்லாம் நடுங்கும். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். இரட்டையர் கதை என்றாலே எல்லாரும் அந்த இருவரைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்கிறவர் வேறு ஒருவர்.

குன்னூர்:

அருவங்காடு தம்பி எழுதிய கடைசி வரிக்காகத்தான் நானும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தொடங்கியவரின் கேள்விக்குப் பதில். சிலந்தி பாயவில்லை. அவனும் அலறவில்லை. மறுபடி ஓட்டிப் பாருங்கள். அவன் கதவருகில் வந்து நிற்கிறான். சிலந்தி அவனைக் கண்டதும் பின்வாங்குகிறது. காலையெல்லாம் மடக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்குகிறது. இவ்வளவு பெரிய உருவம், அறை கொள்ளாத உருவம், ஒரு மனிதனைப் பார்த்துப் பயப்படுகிறது. அவன் என்ன செய்கிறான்? ஒரு பெருமூச்சு விடுகிறான். அவ்வளவுதான். முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

அதற்குச் சற்று முன்னால் நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் காட்சியில் ஆண்கள் கூடும் ரகசிய இடத்தின் சாவி அவன் கைக்குக் கிடைக்கிறது. ஹெலனிடம், இன்று ராத்திரி வெளியே போக வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி சொல்கிறான். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. ஏன் பதில் இல்லை என்று எட்டிப் பார்க்கத்தான் அவன் அறைக்குப் போகிறான்.

நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. சம்பள நாளன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, 'ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துடறேன்' என்பார். எந்த இடம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா பதில் சொல்ல மாட்டார். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் இருக்கும், அங்கே போய் நின்றுகொள்வார். கையில் கரித்துணி இருக்கும். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்ப்பார். ஒரு பெருமூச்சு விடுவார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்பா அம்மாவை ஒருநாளும் அடித்ததில்லை. அதனால்தான் இதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. அடித்தாரா? இல்லை. பட்டினி போட்டாரா? இல்லை. அப்புறம் என்ன குறை? அந்தப் பெருமூச்சுதான் குறை. 'மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா' என்று வாயால் சொல்லாமல் சொல்வது. பயந்து ஒதுங்கி நிற்கும் ஒருத்தியைப் பார்த்து, அவள்தான் தனக்குத் தொல்லை என்று நினைக்கிற ஒரு சலிப்பு.

அந்தக் காட்சி முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர், 'என்ன இது, சிலந்தியைப் பார்த்து இவன் பயப்படவே இல்லையே' என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். அம்மா நின்ற இடத்தைச் சொன்னேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அதை அவரிடம் சொன்னது அன்றைக்குத்தான். அவர் டிவியை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

சிலந்தி என்றால் பெண், சிலந்தி என்றால் தாம்பத்தியம், சிலந்தி என்றால் சர்வாதிகாரம் என்று ஆயிரம் சொல்கிறார்கள். எதுவாகவும் இருக்கட்டும். அது பயந்ததை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கோத்தகிரி:

குன்னூர் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றே மறுபடி பார்த்தேன். நூற்றுக்கு நூறு சரி. அது ஒடுங்கத்தான் செய்கிறது.

எனக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் ஹட்டிக்கு (படகர் ஊருக்கு) கீழே சரிவில் பனிக்காலத்துக் காலையில் செடிக்குச் செடி வலை தெரியும். வெயில் ஏறினால் தெரியாது, பனித்துளி கோத்திருக்கும்போதுதான் தெரியும். விரித்துப் போட்ட வலையின் ஒரு ஓரம் குழல் மாதிரி சுருண்டு செடிக்குள் இறங்கும். சிலந்தி அந்தக் குழலின் வாயில் உட்கார்ந்திருக்கும். கொழுந்து பறிக்கக் கை நீட்டினால், கை படுவதற்கு முன்பே உள்ளே போய்விடும். நம் மேல் பாயும் சிலந்தியை நான் இதுவரை பார்த்ததில்லை. இத்தனைக்கும் அது நமக்கு நல்லது செய்கிற பூச்சி தின்னி. வெயில் காலத்தில் இலையைச் செம்பாக்கிவிடும் 'சிவப்புச் சிலந்தி' என்று நாம் மருந்தடிக்கிறோமே, அது பேன் வகை, வலை பின்னும் இந்தச் சிலந்தி இல்லை. பெயரால் இதற்கும் சேர்த்துக் கெட்ட பேர்.

அதனால் எனக்கு இந்தப் படத்தில் மிகவும் கஷ்டமாக இருந்தது முதல் காட்சிதான். இருட்டறையில் ஆண்கள் கூடி உட்கார்ந்திருக்க, வெள்ளித் தட்டிலிருந்து டரான்டுலா என்ற பெரிய சிலந்தி ஒன்றைத் திறந்துவிட்டு, அதன் மேல் ஒரு பெண்ணின் குதிகால் செருப்பு இறங்கப் போகும். அந்த ஆண்கள் அதை அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்கள். கடைசிக் காட்சியில் அது ஒடுங்குவதற்குக் காரணம் முதல் காட்சியிலேயே இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஊட்டி, வயதில் மூத்தவர்:

அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவன் நான். மனம் பிறழ்ந்த மனிதனின் கதை ஊட்டிக்குப் புதிதும் அல்ல. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' 1980-ல் வந்தது, இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் ஷோபாவைக் கடத்திக்கொண்டு வருவது இங்கேதான். அந்தப் படம் பயமுறுத்தினாலும், அவன் ஏன் அப்படி ஆனான் என்பதைச் சொல்லிவிடும். சின்ன வயதில் அப்பா அம்மாவைப் படுத்திய பாடு. காரணம் தெரிந்ததும் நமக்கு மூச்சு வரும். 'எனிமி' அந்த மூச்சைத் தருவதில்லை.

ஆனால் கூடலூர் நண்பர் சொல்வது போல வழியே இல்லை என்று நான் நினைக்கவில்லை. ஆடம் வகுப்பில் நடத்தும் பாடத்தைக் கவனியுங்கள். சர்வாதிகாரிகள் மக்களை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறார்கள், வரலாறு எப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதுதான் பாடம். அதையே அவர் மறுபடியும் நடத்துவதாகக் காட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகிறார், அதே அறை, அதே இரவு. குன்னூர் அம்மா சொன்ன பெருமூச்சு அந்தப் பாடத்தோடு சேர்ந்தது. சாவி கைக்கு வந்ததும் அவர் மறுபடி ஆரம்பிக்கப் போகிறார், அது அவருக்கே தெரிகிறது.

இன்னொன்று. நகரத்துக்கு மேலே நீண்ட கால்களோடு ஒரு சிலந்தி நிற்குமே, அதைப் பார்த்ததும் எனக்கு லூயிஸ் பூர்ஷ்வா 1999-ல் செய்த பிரம்மாண்டமான சிலந்திச் சிற்பம் நினைவுக்கு வந்தது. கனடாவில் ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்தின் வாசலில் அதன் பிரதி ஒன்று இருக்கிறது. பழைய திரைச்சீலைகளைச் செப்பனிடும் தொழில் செய்த தன் தாயின் நினைவாக அதைச் செய்தார். சிலந்தியைக் காப்பவளாகப் பார்த்த ஒரு மகள். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படுக்கையறையைப் பார்த்தால் குன்னூர் அம்மா சொல்வதற்குத்தான் வந்து சேர்கிறோம்.

ஊட்டி, தொடங்கி வைத்தவர்:

எல்லாருக்கும் நன்றி. சமையல்காரரிடம் போனைக் கொடுத்துக் கடைசிக் காட்சியை மறுபடி காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, 'அது பாவங்க' என்று மட்டும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டுப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பெரியவர்களுக்கான படம், முதல் காட்சியிலேயே பிள்ளைகளோடு உட்கார முடியாது. சிலந்தியைக் கண்டால் உண்மையிலேயே உடம்பு நடுங்குகிறவர்கள் தவிர்த்துவிடலாம். குன்னூர் அக்கா வளர்ந்தது போன்ற வீட்டில் வளர்ந்தவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம், சொன்னால் கேட்கக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சூர், பந்தலூர் பக்கத்திலிருந்து இன்னும் யாரும் எழுதவில்லை. ஹெலனைப் பற்றி, அம்மாவாக வரும் இசபெல்லா ரொசெல்லினியைப் பற்றி யாருக்காவது சொல்ல இருந்தால் எழுதுங்கள்.