நடுத்தண்டு உள்ள ட்ரைபாட் வாங்குபவன் முட்டாளா?

பேரூர் ஸ்டுடியோ:
நேற்று 'கூழைக்கடா' என்ற பெயரில் எழுதும் நண்பர், ட்ரைபாட் வாங்க யோசனை கேட்ட புதியவர் ஒருவருக்கு இப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்: "நடுத்தண்டு உள்ள ட்ரைபாடைத் தொடாதீர்கள். அதை வாங்குபவர்களுக்குப் படம் எடுக்கத் தெரியாது." நடுத்தண்டு என்றால் மூன்று கால்களுக்கு நடுவே மேலே தூக்கிக்கொள்ளும் தண்டு; கேமரா அதன் உச்சியில் நிற்கும். கேட்டவர் ஆட்களின் போர்ட்ரெய்ட்டும் எடுக்க வேண்டும், காட்டுயிரும் எடுக்க வேண்டும் என்றார். அதில் முதல் பாதியை இவர் காதிலேயே வாங்கவில்லை.

மண்டபத்தில் கொங்குக் கல்யாணச் சடங்கான இணைச்சீர் நடக்கிறது. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்தவுடன் அதே இடத்தில் நிற்கவைத்து ஒரு படம் வேண்டும். கேமரா ஓர் அடியாவது மேலே ஏற வேண்டும். நடுத்தண்டின் திருகைத் தளர்த்தித் தூக்கினால் வேலை முடிந்தது. மூன்று காலையும் ஒவ்வொன்றாக நீட்டி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் சடங்கை நடத்தும் அருமைக்காரர் அடுத்த சீருக்குப் போயிருப்பார். இந்த அவசரம் குளக்கரையில் கொக்கு பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

கூழைக்கடா:
"காட்டுயிர்ப் படம் எடுக்கத் தெரியாது" என்றுதான் எழுதினேன். வசதியாக ஒரு சொல்லை விழுங்கிவிட்டீர்கள், அண்ணா. 600 மி.மீ. லென்ஸில் காட்சிக்கோணம் நான்கு டிகிரி சொச்சம்தான். கேமராவில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் கூழைக்கடாவின் கண் கலங்கிவிடும். மூன்று கால்கள் கொடுக்கும் உறுதியை எல்லாம் ஒரே ஒரு தண்டின் முனையில் கொண்டுபோய் வைத்தால் அப்புறம் கால்கள் எதற்கு? ஒற்றைக்கால் மோனோபாட் வாங்கிக்கொள்ளலாம், காசாவது மிச்சம்.

இன்னொன்று. நீர்ப்பறவையை அதன் கண் மட்டத்தில் எடுக்க வேண்டும் என்றால் ட்ரைபாட் தரையோடு தரையாகப் படிய வேண்டும். நீள நடுத்தண்டு இருந்தால் கால்களை எவ்வளவு விரித்தாலும் தண்டு தரையில் முட்டிக்கொண்டு நிற்கும். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயக் கரையில் வந்து படுத்துப் பாருங்கள், தெரியும்.

பேரூர் ஸ்டுடியோ:
தண்டைத் தூக்காமல் வைத்தால் ஆடாதே? தூக்கு என்று யார் சொன்னது? மண்டபத்தில் தூக்கு, குளத்தில் இறக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். தரையில் முட்டினால் கழற்றிவிடு. மான்ஃப்ரோட்டோ 055 ட்ரைபாடில் தண்டைப் படுக்கை வாட்டத்திலேயே திருப்பிவிடலாம். இதெல்லாம் தெரியாமல் "தொடாதீர்கள்" என்று தீர்ப்பு எழுதுகிறார்.

உடுமலைக்காரி:
தண்டைத் தூக்கினால் எத்தனை அங்குலம் என்று இரண்டு பேரும் சொல்லவே இல்லையே? நாலு அங்குலமா, முழுவதுமா? எந்த எடை லென்ஸ்? இதைப் பேசாமல் ஆடுகிறது, ஆடவில்லை என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம், எங்கள் பக்கத்துக் காற்றை மறந்துவிட்டீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் இங்கே காற்றாலைகளே நிற்கின்றன. அந்தக் காற்றில் தண்டின் கொக்கியில் எடைக்காகப் பையைத் தொங்கவிட்டால் பை ஊசலாடி ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும். பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி கட்ட வேண்டும்.

பேரூர் ஸ்டுடியோ:
அம்மணி, காற்று உடுமலையில் மட்டும்தான் அடிக்கிறதா? பேரூரும் அதே கணவாய்க்கு எதிரேதான் இருக்கிறது.

உடுமலைக்காரி:
நான் கேட்ட அங்குலத்துக்குப் பதில் எங்கே?

கோபி புதியவன்:
வணக்கம் ஐயா. நேற்று கேட்டவன் நான்தான். என்னிடம் போர்ட்ரெய்ட்டுக்கு 85 மி.மீ. லென்ஸும் காட்டுயிருக்கு 150–600 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. ட்ரைபாடின் மேல் கேமராவைப் பிடிக்கும் ஹெட் எது வாங்குவது? உருண்டை மூட்டில் எப்பக்கமும் சாயும் பால் ஹெட்டா, பெரிய லென்ஸைத் தாங்கும் கிம்பலா? ட்ரைபாட், ஹெட் இரண்டுக்கும் சேர்த்து 25,000 ரூபாய் வைத்திருக்கிறேன்.

கூழைக்கடா:
தம்பி, கிம்பல். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். அந்த லென்ஸ் இரண்டு கிலோவை ஒட்டி வரும். அதைப் பால் ஹெட்டில் வைத்துப் பிடியைத் தளர்த்தினால் மூக்குக் குப்புற விழும், விரல் நசுங்கும். கிம்பலில் லென்ஸின் எடைமையம் நடுவில் உட்கார்ந்துகொள்வதால் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். பறக்கிற பறவையை இரண்டு விரலால் தொடரலாம். நடுத்தண்டு இல்லாத ட்ரைபாடில் மாட்டுங்கள்.

பேரூர் ஸ்டுடியோ:
பார்த்தீர்களா? மறுபடியும் தண்டு இல்லாத ட்ரைபாட்! தம்பி 85 மி.மீ. என்றாரே, அது உம் காதில் விழவில்லையா? கிம்பல் பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் சாயும். கேமராவை நெட்டுக்குத்தாக்க அதில் வழி கிடையாது. பெரிய லென்ஸில் ட்ரைபாடில் மாட்டும் வளையமான காலர் இருக்கிறது, சுழற்றிக்கொள்ளலாம். 85-இல் காலர் ஏது? நெட்டுவாக்கில் போர்ட்ரெய்ட் எடுக்க கேமராவுக்குத் தனியாக எல்-பிளேட் என்ற L வடிவத் தகடு வாங்க வேண்டும். அந்தச் செலவை யார் சொன்னது? பால் ஹெட் என்றால் ஒரு பக்கம் சாய்த்தால் போதும். தம்பி, உறுதியான பால் ஹெட் ஒன்று, நடுத்தண்டு உள்ள ட்ரைபாட் ஒன்று. காடு, கல்யாணம் இரண்டுக்கும் அதுவே போதும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பறக்கும் பறவையை 1/2000 நொடி ஷட்டரில்தானே எடுக்கிறீர்கள்? அந்த வேகத்தில் தண்டு ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன? அங்கே ட்ரைபாடின் வேலை எடையைச் சுமப்பது மட்டும்தான்.

கூழைக்கடா:
விடிகாலை வெள்ளோட்டில் 1/2000 கிடைக்குமா? சூரியன் ஏறுவதற்குள் 1/125 கிடைத்தாலே பெரிது. பறவை நன்றாக இருப்பது அந்த நேரத்தில்தான். ஸ்டுடியோ விளக்குப் போட்டுப் பழகியவருக்கு வெளிச்சம் குறைவாக இருக்கும் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்.

பேரூர் ஸ்டுடியோ:
வெளிச்சத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்! விளக்குப் போட்டு எடுப்பவனுக்குத்தான் வெளிச்சம் தெரியும். போன மார்கழியில் இங்கே நீங்கள் போட்ட மீன்கொத்திப் படத்தை மறக்கவில்லை. அலகு எது, கிளை எது என்று தெரியவில்லை. தண்டு இல்லாத ட்ரைபாடில் எடுத்த படம்தானே அது?

கூழைக்கடா:
அது கையில் பிடித்து எடுத்த படம். அங்கேயே எழுதியிருந்தேன்.

பேரூர் ஸ்டுடியோ:
ஆக, உம் ட்ரைபாடை நீரே பயன்படுத்துவதில்லை. ஊருக்கு உபதேசம்.

ஆனைமலை ஜீப்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். ஆனைமலைக் காட்டில் டாப்ஸ்லிப் சஃபாரி போனால் வனத்துறையினர் வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். ட்ரைபாடை விரிக்க அங்கே இடமும் கிடையாது. அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையை ஜன்னலில் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தால் போதும். அந்த 25,000 ரூபாயில் ஒரு நல்ல லென்ஸ் கவரும் வாங்கலாம்.

கூழைக்கடா:
வால்பாறை மலைப்பாதையில் வரையாட்டைக் கண்டவுடன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர்தானே?

ஆனைமலை ஜீப்:
நான் எங்கே நிறுத்தினேன்? ஆளை மாற்றிப் பேசாதீர்கள். சோலைமந்திக்கு பிஸ்கட் போட்டுப் பக்கத்தில் வரவழைத்துப் படம் எடுப்பவர்கள் உங்கள் குளக்கரைக் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

திருப்பூர்த் தட்டான்:
வெள்ளோடு, வெள்ளோடு என்று ஒரே பாட்டு. எங்கள் நஞ்சராயன் குளத்துக்கும் 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் வந்துவிட்டது. அதையும் ஒருமுறை சொல்லலாமே.

கூழைக்கடா:
வெள்ளோட்டுக்கு 2022-இலேயே வந்துவிட்டது. இரண்டு வருடம் மூத்தது.

திருப்பூர்த் தட்டான்:
வயதைச் சொல்லிப் பெண் பார்க்கிறீர்களா?

பேரூர் ஸ்டுடியோ:
குளத்தைப் பற்றிய பேச்சு வேண்டாம். தண்டைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இறக்கி வைத்த தண்டு ஆடுமா, ஆடாதா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லட்டும்.

கூழைக்கடா:
இறக்கி வைத்தாலும் அது ஒரு கூடுதல் இணைப்பு. பிடிப்புத் தளர்ந்தால் அங்கே ஆட்டம் பிறக்கும். தட்டையான மேல்தளத்தில் ஹெட்டை நேராகத் திருகுவதற்கு ஈடாகாது.

பேரூர் ஸ்டுடியோ:
"தளர்ந்தால்"! கால் தளர்ந்தாலும்தான் ஆடும். அதற்காகக் காலையும் வெட்டிவிடலாமா?

உடுமலைக்காரி:
எத்தனை அங்குலம்?

பழைய லென்ஸ் ஈரோடு:
கோபித் தம்பி, என்னிடம் பயன்படுத்திய கார்பன் ட்ரைபாட் ஒன்று இருக்கிறது. மூன்று மடிப்புக் கால்கள், கடைசி மடிப்பும் தடிமனானது. நான்கு மடிப்பு வாங்காதீர்கள், கடைசிக் கால் குச்சி போல இருக்கும். பெட்டியில் 20 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள்; ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்குக்குத்தான் அதை எழுதுகிறது. நடுத்தண்டு தேவையென்றால் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கழற்றலாம்.

கூழைக்கடா:
தம்பி, வாங்குவதற்கு முன் கேளுங்கள். இவர் எனக்கு விற்ற பால் ஹெட்டின் பிடி தேய்ந்துபோயிருந்தது. கேமராவுக்கு அடியில் மாட்டும் அர்கா பிளேட்டை எவ்வளவு இறுக்கினாலும் மெல்ல நழுவியது.

பழைய லென்ஸ் ஈரோடு:
உங்கள் பிளேட் அளவு மாறியது. எல்லா நிறுவனமும் அர்கா என்றுதான் பெயர் போடும், அகலம் நூலளவு மாறும் என்று அன்றைக்கே சொன்னேன். நெம்புகோல் வகைப் பிடிக்கு அது ஒத்துவராது, திருகு வகை வாங்குங்கள் என்றும் சொன்னேன். 300 ரூபாய் மிச்சம் பிடித்தது யார்?

கூழைக்கடா:
300 இல்லை, 500.

பேரூர் ஸ்டுடியோ:
பிளேட் நழுவியதற்கு ஆளைக் குற்றம் சொல்கிறார், படம் கலங்கினால் தண்டைக் குற்றம் சொல்கிறார். தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வாருங்கள். தண்டை முழுவதும் தூக்கி, உங்கள் 150–600-ஐ மாட்டி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை எடுத்துக் காட்டுகிறேன்.

கூழைக்கடா:
பெயர்ப்பலகை பறக்காது, அண்ணா.

கோபி புதியவன்:
ஐயா, எல்-பிளேட் எவ்வளவு ஆகும்?

பேரூர் ஸ்டுடியோ:
பறக்கும் பறவைக்கு 1/2000 என்று முன்பே சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியும்.